தண்ணீர் பட்ட சுண்ணாம்பு

ஆய்வு மாணவி கஜந்தினி நான்கு நாட்களாகச் சுட்டு வைத்திருந்த கீரிமலைச் சுண்ணாம்புக்கல் வாளியில் வெள்ளை மாவாகக் கிடந்தது. நிலக்கரியிலிருந்து வரும் சூடான வாயுவை அந்தக் கற்களுக்கூடாக விட்டால், கூழ்முட்டை நாற்றமுள்ள நச்சை அவை பிடித்துக்கொள்ளும். நாளை அதைப் பேராசிரியருக்குச் செய்துகாட்ட வேண்டும். கல்லென்றால் இடுக்குகளால் வாயு போகும்; இந்த மாவு குழாயை அடைத்துவிடும்.

"நான்தான் பிள்ளை, தண்ணி தெளிச்சனான்," என்றார் ஆய்வுகூட ஊழியர் அடைக்கலநாதன். "சுட்ட சுண்ணாம்பு வந்தா வீட்டிலை முதல்லை தண்ணி விட்டு நீத்துறதுதானே. உங்களுக்கு ஒரு வேலை குறையட்டுமெண்டு... பேராசிரியர் சேரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. அடுத்த மாசம்தான் என்னை நிரந்தரமாக்கினம்."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவருடைய விரல்கள் வெந்து சிவந்திருந்தன. முதலில் அவற்றைக் கழுவி மருந்து பூசினாள். பிறகு கையுறை கொடுத்தாள்.

"அண்ணை, பயற்றம் உருண்டை பிடிப்பியளோ?"

"பிடிக்கிறது மனிசி. தின்னுறது நான்."

இருவரும் மாவைக் குழைத்துச் சிறு உருண்டைகளாகப் பிடித்து, காயவைத்து, மறுபடியும் சுட்டார்கள். கல்லைச் சுடுமளவுக்கு நேரம் தேவைப்படவில்லை; உள்ளே சேர்ந்த தண்ணீர் போனதும் அவை பழையபடி சுட்ட சுண்ணாம்பாகின.

மறுநாள் குழாய் வாயில் பிடித்த, நச்சு பட்டால் கறுக்கும் சோதனைத்தாள் நிறம் மாறவேயில்லை. பேராசிரியர் வியந்தார்.

"உருண்டை பிடிக்கிறது ஆரின்ரை யோசனை?"

"யோசனை என்ரை, சேர். ஆனா அடைக்கலநாதன் அண்ணை நீத்தித் தந்ததாலைதான் அது வந்தது. உருட்டினதும் அவர்தான்."

அருகில் நின்ற அடைக்கலநாதன் கையுறையைக் கழற்றாமலே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.