எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தவர்

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச நினைப்பவர்கள் நேராகப் பெண் வீட்டுக்குப் போகமாட்டார்கள். எதிரே இருக்கிற கடைக்குத்தான் முதலில் வருவார்கள். எதையோ வாங்க வந்ததுபோல் நின்று, விலை கேட்டு, பாதி முதுகைத் திருப்பிய பிறகு, "ஏனுங்க, அந்த ஊட்டுப் புள்ள எப்படிங்க?" என்பார்கள். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் பதினெட்டு வருடமாக நான் பை, சூட்கேஸ், தகரப் பெட்டி விற்கிறேன். அந்தச் சந்தில் நிச்சயமான ஏழு கல்யாணங்களுக்கு நான்தான் முதல் சாட்சி. ஏழும் நன்றாகவே இருக்கின்றன. ஒரு மாப்பிள்ளை மட்டும் என்னைக் கண்டால் வண்டியை அடுத்த சந்துக்குத் திருப்பிவிடுவார்.

ஆகவே, எதிர்வீட்டு வேலுமணி அண்ணன் போன மாதம் வந்து என் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் கிரைண்டருக்கு உதிரிபாகம் செய்கிற லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரே மகள் நந்திதா. தேனியில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராக இருந்தாள்.

"பாய், கோபிசெட்டிபாளையத்துல ஒரு எடம் கூடி வருதுங்க. பையனும் டாக்டரு. சொந்தமா ஆஸ்பத்திரி இருக்குது. யாராச்சும் வந்து விசாரிச்சா..."

"அண்ணா, நீங்க பட்டறையைப் பாருங்க. இதை நான் பாத்துக்கறேன்."

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவர் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, தேய்த்த வெள்ளைச் சட்டை, தோளில் நீலப் பை. என் கடையில் வாங்கியது அல்ல, மட்டமான ஜிப். பைகளைப் பார்ப்பதுபோல் நடிக்கக்கூட இல்லை.

"எதிர்வீட்டு டாக்டர் பொண்ணு, நந்திதா. அவங்களைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணுங்க" என்றபடி சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். விசிட்டிங் கார்டாக இருக்கும் என்று நினைத்து, அந்தக் கையில் டீ கிளாஸை வைத்தேன்.

"கார்டெல்லாம் எதுக்குங்க? நல்ல விஷயமா வந்திருக்கீங்க. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். நோட்டை விரித்தார்.

"வயசு என்ன இருக்குமுங்க?"

"இருபத்திநாலு நடக்குதுங்க."

உண்மையில் இருபத்தாறு. ஒப்பணக்காரத் தெருவில் துணி அளந்தவரின் மகன் நான். துணிக்கு விலையைக் கூட்டிச் சொல்லி இறங்க வேண்டும். பெண்ணுக்கு வயதைக் குறைத்துச் சொல்லி ஏற வேண்டும். இரண்டும் ஒரே கணக்குதான்.

"படிச்சதெல்லாம் எங்க தங்கிங்க?"

"தங்கறதா? ஒரு நாள் வெளிய தங்குனதில்லைங்க. ஊட்டுல இருந்தே போயிட்டு ஊட்டுக்கே வந்துரும்."

ஐந்தரை வருடம் தேனி ஹாஸ்டலில் இருந்த பெண். தேனி என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை.

"சண்டை, தகராறுன்னு எதுலயாச்சும்...?"

"அந்தப் புள்ளைக்குச் சத்தமே வராதுங்க. எறும்பு கடிச்சா எறும்புகிட்ட மன்னிப்பு கேக்கும்."

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "தூரமா போய் இருக்கறதுக்குத் தைரியம் இருக்குமுங்களா?"

கோபி தூரமா என்று எனக்குச் சிரிப்பு. ஆனாலும் மாமியார் வீட்டுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? "தைரியம்னு சொல்ல முடியாதுங்க. காந்திபுரம் தாண்டினாலே அம்மா வேணும். பெரியவங்க சொல்றதைக் கேட்டு ஊட்டோட இருக்கற புள்ள."

"அப்படிங்களா" என்று நீளமாக ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி, "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. பேரு, கடை விலாசம், போன் நம்பர்" என்றார்.

படிக்கலாம் என்றால் கண்ணாடி வீட்டில் இருந்தது. கோபிக்காரர்கள் வெவரமானவர்கள்தான், பேச்சை நம்பாமல் எழுதி வாங்குகிறார்களே என்று மெச்சிக்கொண்டே 'அக்பர் அலி' என்று தாராளமாகப் போட்டேன்.

சாயங்காலம் வேலுமணி அண்ணன் பட்டறையிலிருந்து வந்ததும் வாசலிலேயே பிடித்து நிறுத்தினேன்.

"அண்ணா, வந்துட்டுப் போயிட்டாங்க. பெருமையை அள்ளி உட்டிருக்கறேன்."

"யாருங்க வந்தாங்க? கோபியில இருந்து அடுத்த வாரந்தான் வாரோம்னு சொல்லியிருக்காங்க."

அப்போது நந்திதா ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். "மாமா, வெள்ளைச் சட்டை, நீலப் பையிங்களா? அவரு பேரு அங்கப்பன். போலீஸ் ஸ்பெஷல் பிராஞ்ச். மத்தியானம் ஊட்டுக்கும் வந்தாரு. எதிர்கடையில கேட்டுட்டேன்னாரு. கேட்டுட்டு ஏன் அப்படி முழிச்சாருன்னுதான் தெரியல. என்ன சொன்னீங்க?"

"எதுக்கும்மா போலீஸு?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா பட்டறைக் கறை படிந்த கையைப் பார்த்தார்.

"நான் மிலிட்டரியில டாக்டரா சேரப் போறேனுங்க மாமா. ரெண்டு மாசம் முன்னாடி டெல்லி போனது அந்த இன்டர்வியூவுக்குத்தான். செலக்ட் ஆயாச்சு, மெடிக்கல்லயும் பாஸு. இருபத்திரெண்டாம் தேதி லக்னோல இருக்கணும். அதுக்குத்தான் போலீஸ் வெரிஃபிகேஷன்."

"கெடைக்காதுன்னு நெனச்சேன் பாய்" என்றார் வேலுமணி அண்ணன். "அதான் யாருகிட்டயும் சொல்லல."

நான் சொன்னதை ஒவ்வொன்றாக ஒப்புவித்தேன். இருபத்திநாலு. ஹாஸ்டல் கிடையாது. காந்திபுரம். எறும்பு வரை வந்தபோது அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, ஃபாரத்துல எங்கெங்க தங்கினேன்னு ஒண்ணு விடாம எழுதியிருக்கேனுங்க. ஹாஸ்டல் ரூம் நம்பர்கூட. நீங்க வேற மாதிரி சொல்லிக் கையெழுத்தும் போட்டுருக்கீங்க. நான் தப்பான தகவல் குடுத்தேன்னு ஆயிப்போச்சுன்னா வேலையே ரத்து. அவரு நாளைக்கு மத்தியானம் ரிப்போர்ட் அனுப்பிருவாரு."

ஏழு கல்யாணம் முடித்த நாக்கு. எட்டாவதாக ஒரு உத்தியோகத்தை முறிக்கப் பார்க்கிறது.

ஆனால் பயத்தைவிட எனக்குக் குடைச்சல் கொடுத்தது வேறொன்று. கோபியில் சொந்த ஆஸ்பத்திரியே காத்திருக்க, இந்தப் பெண் எதற்குப் பட்டாளத்துக்குப் போக வேண்டும்? இந்தச் சரக்கில் எனக்குத் தெரியாத எதையோ அவள் பார்த்திருக்கிறாள்.

"கோவிச்சுக்காத அம்மணி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். டாக்டருக்கும் துப்பாக்கி குடுப்பாங்களா?"

"சுடறதுக்குச் சொல்லித் தருவாங்க. வேலை ஊசியோடதான்."

"ஊசி போடறப்ப சிப்பாய் சல்யூட் அடிப்பானா?"

"அடிச்சுட்டுத்தான் சட்டையைக் கழட்டுவாராம்." அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. "போனதும் கேப்டனுங்க மாமா."

"எடுத்த எடுப்புலயா? எங்க கடையில ஆறு வருசம் பை தொடைச்சாத்தான் கல்லாப் பக்கமே உடுவோம்."

"எம்.பி.பி.எஸ். படிச்சதுக்குக் கேப்டன். முதல்ல அஞ்சு வருசம். அப்புறம் புடிச்சா நீட்டிக்கலாம்."

"பனிமலையில போடுவானா?"

"போடலாம். பாலைவனத்துல போடலாம். நாம எடம் கேக்க முடியாது."

"கேக்கவே முடியாதா? ரெண்டு எடம் சொல்லி ஒண்ணுக்கு எறங்கி வர்றதுகூட இல்லியா?"

"இல்லைங்க."

பேரமே இல்லாத ஒரு இடம். நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. "அப்புறம் எதைக் கண்டு கண்ணு அங்க போற?"

அவள் ஹெல்மெட்டின் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். "இப்ப வேலை பாக்கற எடத்துல மாசம் இத்தனை ஸ்கேன் எழுதணும்னு ஒரு தாள் குடுக்கறாங்க. வயித்து வலின்னு ஒருத்தரு வந்தா, வயித்தைத் தொடறதுக்கு முன்னாடி அவரு இன்சூரன்ஸ் கார்டைப் பாத்துட்டு வரச் சொல்றாங்க. கோபியில மட்டும் அந்தத் தாள் இருக்காதுங்களா? அங்க அதை எழுதறதே நானாத்தான் இருப்பேன். பட்டாளத்துல ஒருத்தரு வலின்னு வந்தா வலியை மட்டும் பாத்தாப் போதும். மத்ததெல்லாம் வேற யாரோ பாத்துப்பாங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியணும் மாமா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேலுமணி அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பாய், நீங்க வேணும்னு ஒண்ணும் பண்ணல. நல்லது நெனச்சுச் சொன்னது. அதை அப்படியே உட்டுப்போட்டா என்னங்க?"

"அண்ணா..."

"நான் தடுக்கல. நீங்களும் தடுக்கல. தானா நின்னுபோச்சுன்னா அவ யாரையும் குத்தம் சொல்ல முடியாது. கோபி கைக்குள்ள இருக்குது. ஒரே புள்ளைங்க பாய்."

பதினெட்டு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி, எதுவும் செய்யாமல் இரு என்பது. அதைவிடச் சுலபமான உதவி உலகத்தில் இல்லை. "பாக்கறேங்கண்ணா" என்றேன். எங்கள் தொழிலில் அதற்கு அர்த்தமே கிடையாது.

வீட்டில் மனைவி சாயிரா பானுவிடம் சொன்னேன். அவள் மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "அந்தப் புள்ளையைப் பத்தி நீங்க சொன்னதுல ஒரு வார்த்தையாச்சும் அந்தப் புள்ளைங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

காலையில் கடையைத் திறக்காமல், கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு, அங்கப்பனின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் என்னைக் கண்டதும் நாற்காலியைக் காட்டினார்.

"வாங்க பாய். டீ சொல்லட்டுங்களா? நேத்து ஐடி கார்டைக் காட்ட உடாம என் கையில டீயைக் குடுத்தீங்க."

"சார், நேத்து நான் சொன்னது கல்யாண விலைங்க."

"அப்படீன்னா?"

விளக்கினேன். மேஜையில் குனிந்து சிரித்துவிட்டு நிமிர்ந்தவர், மறுபடி போலீஸ்காரரானார். "எழுதினதை அடிக்க முடியாதுங்க. ஏன் மாத்திச் சொல்றீங்கன்னு காரணத்தோட புதுசா எழுதிக் குடுங்க. உங்க கைப்பட. நான் காலேஜுலயும் கேட்டுக்கறேன். இந்தத் தடவையும் பொய்யின்னா மாட்டறது அந்தப் பொண்ணு இல்ல, நீங்க."

பேனாவை எடுத்தேன். வந்தவர் கோபிக்காரர் என்று நினைத்துவிட்டேன் என்பதில் ஆரம்பித்தேன். வயது இருபத்தாறு. தேனியில் ஐந்தரை வருடம் ஹாஸ்டல். இவ்வளவும் சுலபமாக வந்தது. பிறகு கை நின்றுவிட்டது. சரக்கில் இருக்கிற குறையை நானாக எழுதிக் கையெழுத்துப் போடுவது எனக்குப் பழக்கமில்லை.

"சண்டை, தகராறு இல்லைன்னு சொல்லியிருக்கீங்களே" என்று எடுத்துக்கொடுத்தார் அங்கப்பன்.

"இருக்குதுங்க. போன ஐப்பசி மழையில எங்க கடைக்கு முன்னால ஒரு ஆட்டோ கவுந்துபோச்சு. டிரைவருக்குத் தொடையில ரத்தம் பீச்சுது. ஆம்புலன்ஸ் தண்ணியில மாட்டிக்கிச்சு. இந்தப் புள்ள ரோட்டுல குறுக்க நின்னு ஒரு டவுன் பஸ்ஸை நிறுத்திப்போட்டுதுங்க. என் கடைப் பை வாரை அறுத்துத் தொடையில கட்டி, ஆளைப் பஸ்ஸுல ஏத்தி, ரூட் மாத்தி ஆஸ்பத்திரிக்கு உடுடான்னுச்சு."

"உடுடான்னா?"

"டான்னுதாங்க. கண்டக்டர் எகிறினாரு. அவரையே தொடைக்கட்டு மேல அமுக்கிப் புடிக்க வெச்சுது. ஒரு பொண்ணு நடுரோட்டுல கவர்மென்ட் பஸ்ஸை மறிச்சுச்சுன்னு தெரிஞ்சா எந்த மாப்பிள்ளை ஊட்டுக்காரன் வருவான்? அதான் சந்துல யாரும் இதைப் பேசறதில்லைங்க."

"கேஸு ஆச்சுங்களா?"

"இல்லைங்க. அடுத்த வாரம் கண்டக்டரே வந்து இந்தப் புள்ளைகிட்ட சுகர் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் காட்டிட்டுப் போனாரு."

அங்கப்பன் நோட்டை மூடினார். "கேஸ் இல்லைன்னா எனக்கு அது தேவையில்லைங்க" என்றார். பிறகு, "தேவையில்லைதான். ஆனா எழுதுங்க" என்றார்.

அதையும் எழுதினேன். 'உடுடா' என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

திரும்பி வந்து பட்டறையிலேயே வேலுமணி அண்ணனிடம் சொன்னேன். அவர் லேத்தை நிறுத்தவில்லை. மறுநாளிலிருந்து என் கடைப் பக்கம் பார்ப்பதைத்தான் நிறுத்திவிட்டார். நந்திதாதான் ஐந்தாம் நாள் வாசலில் நின்று, "மாமா, ரிப்போர்ட் போயாச்சு. சரியா இருக்குதாம்!" என்று கத்தினாள். சந்து முழுவதற்கும் கேட்டது. சத்தமே வராத பெண்.

பத்தொன்பதாம் தேதி காலை வேலுமணி அண்ணன் ரோட்டைக் கடந்து வந்தார். கருப்புத் தகரப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று, பெரிய ஒன்றின் மூடியைத் தூக்கினார்.

"என்னங்க பாய் இது, கீலு ஆடுது."

"ஆடலைங்கண்ணா."

"பெயின்ட் திட்டுத் திட்டா இருக்குது. கொண்டி வளைஞ்சு கெடக்குது. இதை லக்னோ வரைக்கும் எவன் தூக்குவான்?"

எனக்கு உயிர் வந்தது. வாங்காதவர்கள் 'நல்லாருக்குதுங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கீலைப் பிடித்து ஆட்டுகிறவர் பெட்டியோடுதான் போவார்.

"மேல பேரு எழுதணுமாம்" என்றார் என்னைப் பார்க்காமல். "கேப்டன்னு இப்பவே எழுதலாங்களா, இல்ல அங்க போனதுக்கப்புறந்தானா? அவகிட்டக் கேட்டா சிரிக்கறா."

நான் பதில் சொல்வதற்குள், பட்டுக்கரை வேட்டியும் தோளில் துண்டுமாக இரண்டு பேர் கடைக்குள் வந்தார்கள். ஒருவர் ஒரு கைப்பையை எடுத்து ஜிப்பை இழுத்தார், விட்டார், பாதி முதுகைத் திருப்பினார்.

"ஏனுங்க, எதிர்வீட்டு டாக்டர் புள்ள எப்படிங்க?"

"உக்காருங்க" என்றேன். டீ சொல்லவில்லை. "மொதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க."

"கோபிசெட்டிபாளையமுங்க. ஒரு நல்ல விஷயமா..."

நான் வேலுமணி அண்ணனைப் பார்த்தேன். அவர் பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து, கொண்டியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பவில்லை.

"வயசு இருபத்தாறுங்க" என்றார் பெட்டியைப் பார்த்தே. "பட்டாளத்துல டாக்டரா போகுது. அஞ்சு வருசத்துக்கு எங்க இருக்கும்னு அதுக்கே தெரியாது. வாய் நீளம். பஸ்ஸை மறிக்கும்."

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கைப்பை மெதுவாக இருந்த இடத்துக்கே போயிற்று.

"நீங்க யாருங்க?" என்றார் பெரியவர்.

வேலுமணி அண்ணன் மூடியை அழுத்திப் பூட்டிப் பார்த்தார். சரியாக விழுந்தது.

"பொட்டி வாங்க வந்தவனுங்க."