சுஜாவின் டப்பாவும் சாலைத் தெருப் பானைகளும்

1999-ஆம் ஆண்டு மாசி மாதம், ஆற்றுகால் பொங்காலையன்று, திருவனந்தபுரம் சாலைத் தெருவில் பெண்கள் அடுப்பேற்றிய மண்பானைகள் பொங்கி வழிந்தபோது, அவற்றிலிருந்து மூன்று அமெரிக்கப் பெண்கள் தொண்டை கிழியப் பாடினார்கள். அந்த வாரம் பச்சரிசியும் வெல்லமும் சற்று விலையேறியிருந்தன, வெயிலும் கூடுதல். கிள்ளிப்பாலம் பக்கத்துப் பானைகள் வழக்கம்போலச் சத்தமில்லாமல் பொங்கின. வேல்சாமி இரும்புக்கடை வாசலில் தொடங்கிக் கிழக்கேகோட்டை வரைக்கும் வைத்த பானைகள்தான் பாடின. மைக்செட்டில் ஏதோ கோளாறு என்று மறுநாள் சிலர் சொன்னார்கள். அந்தத் தெருவில் அன்று மைக்செட்டே கட்டவில்லை.

காரணம், வேல்சாமியின் மகள் சுஜா வைத்திருந்த மிட்டாய் டப்பா. வேல்சாமி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஆணியும் தாழ்ப்பாளும் பூட்டும் விற்றுத் தலையெடுத்தவர். மகள் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வந்தாள். பின்னால் நின்று உரசுகிறவர்களுக்கு அந்தப் பஸ்ஸில் பஞ்சமே இல்லை. வீட்டில் சொன்னால், முன்னால் தள்ளி நில் என்பார்கள். அவளும் தள்ளித் தள்ளி டிரைவர் சீட்டுக்கே வந்துவிட்டாள். அங்கேயும் ஒரு கை நீண்டது. அந்த நாட்களில்தான், பேனா நட்பாகக் கிடைத்த ஓர் அமெரிக்கப் பெண் அவளுக்குப் பார்சல் அனுப்பத் தொடங்கினாள். போட்டோஸ்டாட் எடுத்துப் பின் குத்திச் சேர்த்த சிறுபத்திரிகை, ரவிக்கையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ், மேடையில் அறுந்த ஒரு கிட்டார் கம்பி, அப்புறம் ஒரு கேசட். கார் நிறுத்தும் கொட்டகையில் மூன்று பெண்கள் பாடிப் பதிவு செய்தது. அவர்கள் கச்சேரியில் முதலில் ஆண்களைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, பெண்களை மேடைக்கு முன்னால் அழைப்பார்களாம். சுஜா அதைப் படித்து அழுதாள். முன்னால் நிற்பதற்கு இப்படியும் ஓர் அர்த்தம் உண்டென்று அதுவரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. துபாயிலிருந்து வந்த மிட்டாய் டப்பா ஒன்றில் எல்லாவற்றையும் வைத்து, அப்பா கடையிலேயே வாங்கிய பூட்டைப் போட்டாள்.

பூட்டுக்கடைக்காரர் வீட்டில் பூட்டுக்கு என்ன மரியாதை? நாகர்கோவிலிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று முடிவானதும், அண்ணன் மகேஷ்குமார் மாற்றுச் சாவி போட்டு டப்பாவைத் திறந்தான். சிறுபத்திரிகையின் அட்டையில், கையை முறுக்கிக்கொண்டு நின்ற பெண் தன் வயிற்றில் மையால் எழுதியிருந்த கெட்ட வார்த்தையை அவன் அப்பாவுக்கு மொழிபெயர்த்தும் சொன்னான். அதைச் சொல்ல அவனுக்குக் கூச்சம் வரவில்லை. "இது குடும்பத்துல வைக்கக்கூடிய சாதனமாடே? மாப்பிள வீட்டுக்காரங்க கண்டா என்ன நெனைப்பாங்க?" என்றார் வேல்சாமி. வீட்டில் எரித்தால் அக்கம்பக்கம் கேட்கும், பழைய சாமான் வாங்கும் ஆக்கரிக்காரனிடம் போட்டால் ஊர் சுற்றும். பொங்காலை அடுப்பில் என்ன எரிகிறது என்று எவரும் கேட்பதில்லை; ஏற்றிய தீயைப் பானை பொங்கும்வரை எவரும் அணைப்பதுமில்லை. ஆகவே டப்பாவில் இருந்ததையெல்லாம், மனைவி மாடம்மாளின் அடுப்புக்குக் கட்டிவைத்த காய்ந்த தென்னம்பாளைகளுக்கு நடுவே செருகினார்கள். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. திருட்டையும் செய்து, அதைச் சாமி காரியத்துக்குள் ஒளித்தும் வைத்தார்கள்.

கோயிலிலிருந்து கைமாறிக் கைமாறி வந்த தீ கிள்ளிப்பாலம் கடந்து மாடம்மாளின் அடுப்புக்கு வந்தது. அவள் பற்றவைத்து, அதிலிருந்து எரியும் ஓலைச்சூட்டு ஒன்றை அடுத்த அடுப்புப் பூக்காரி ரத்னாபாய்க்குக் கொடுத்தாள். ரத்னாபாய் அதற்கடுத்தவளுக்கு. தீ தெருக்கோடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் சுஜாவுக்குப் பிளாஸ்டிக் வாடை எட்டியது. குனிந்து பார்த்தாள். பேட்ஜ் உருகிக்கொண்டிருந்தது, கேசட் நாடா சுருண்டு சுருண்டு கறுத்தது.

"அம்மா, எரியுறது என் டப்பாவில இருந்ததெல்லாம். தீயை வெளிய இழு."

மாடம்மாளுக்குப் புரிந்துவிட்டது, யார் செய்தது என்பதும் புரிந்தது. "முடியாது மோளே. அணைக்கப்படாது. ஒன் கல்யாணத்துக்காண்டி நேர்ந்ததாக்கும்."

"என் சாமானை எரிச்சுத்தான் எனக்குக் கல்யாணம் நடக்கணுமா?"

மாடம்மாள் குனிந்து தீயை ஊதினாள். தாலி கட்டிய நாளிலிருந்து அவள் வீட்டு ஆண்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சுஜா பானையை எட்டி உதைக்கக் காலைத் தூக்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து இறக்கிக்கொண்டாள். அப்போது பானை பொங்கியது. குரவையிட வாயைத் திறந்த மாடம்மாளுக்குக் குரவை வரவில்லை. பானைக்குள்ளிருந்து கிட்டார் ஒன்று இரும்புத்தகட்டை அறுப்பதுபோல் அலறியது; ஒரு பெண்குரல் அதன்மேல் ஏறியது. அடுத்து ரத்னாபாயின் பானை, அதற்கடுத்தது. இப்படித் தெருக்கோடி வரைக்கும். பாட்டு ஆங்கிலத்தில்தான் இருந்தது, ஆனால் விளங்காதவள் ஒருத்தியும் இல்லை. குடித்துவிட்டு வந்து அடிக்கிற மருமகனின் பேரைச் சொல்லி ரத்னாபாய் கத்தினாள். பஸ்ஸைப் பற்றிக் கத்தினார்கள், புருஷன் பிடுங்கிக்கொள்ளும் சம்பளக் கவரைப் பற்றிக் கத்தினார்கள். மாடம்மாள் கடைப்பக்கம் திரும்பினாள். "எவம்லே எம் மவ டப்பாவத் தொட்டது?" என்றாள். பாதி இறக்கியிருந்த ஷட்டரை வேல்சாமி முழுவதும் இறக்கினார். அம்மனுக்கு இதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவளுக்கும் கோபம் புதிதல்ல.

நாகர்கோவில்காரர்கள் சம்பந்தம் வேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள். சந்தோஷம் என்று மாடம்மாளே பதில் அனுப்பினாள். அடுத்த மாசியிலும் பானைகள் பாடின, அதற்கடுத்த மாசியிலும். பதிவு செய்ய வந்தவர்களின் நாடாவில் அரிசி கொதிக்கும் சத்தம் மட்டும் விழுந்தது. கேசட்டில் பாடிய அந்த மூவரும் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள், அவர்களிடமே ஒரு பிரதியும் இல்லை என்று பேனா நட்புக்காரி எழுதினாள். உலகத்தில் அந்தப் பாட்டைக் கேட்க இப்போது சாலைத் தெரு ஒன்றுதான் இடம்.

சுஜா பெங்களூரில் வேலைக்குப் போனாள். எந்த லீவுக்கு வராவிட்டாலும் பொங்காலைக்கு வந்து, அம்மாவின் அடுப்புக்கு முன்னால் நிற்பாள். சாம்பலில் கிடைத்த கிட்டார் கம்பி அவள் கைக்காப்பில் சுற்றியிருக்கும். அண்ணனோடு இன்றுவரை பேசவில்லை, பேசப்போவதுமில்லை. வேல்சாமி விடியற்காலையில் பாளைக்கட்டைச் சுமந்து வருவார். மனைவியும் மகளும் பார்த்துக்கொண்டிருக்க, கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பாளையாக இருபுறமும் திருப்பிக் காட்டிவிட்டுக் கீழே வைப்பார். மாடம்மாள் தலையாட்டிய பிறகுதான் அவர் கடைக்குப் போய் ஷட்டரை இறக்குவார்.