பெட்ரோல் டேங்கில் மோதிரம்

டணங் என்று ஒரு சத்தம். தம்பி டேங்கிலிருந்து விரலை வெளியே எடுத்தான். விரல் நுனியில் பெட்ரோல் இருந்தது. மோதிரம் இல்லை.

அந்த வீட்டில் பெட்ரோலை விரலால்தான் பார்ப்பார்கள். பைக்கின் பெட்ரோல் முள் செத்துப் பல வருஷமாகிவிட்டது. மூடியைத் திறந்து நடுவிரலை விட வேண்டும். நனைந்தால் கிளம்பலாம். நனையாவிட்டால் பங்க்குக்குப் போக வேண்டும். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அப்பா மோதிரம் போட்டதில்லை. தம்பியும் போன ஞாயிறு வரை போட்டதில்லை.

வீட்டின் பின்புறம் சின்ன சிமெண்ட் தளம். அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா திரும்பினாள்.

“என்னடா சத்தம்?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கு மூஞ்சி இப்படிப் போகாது. கையைக் காட்டு.”

அவன் கையைப் பேண்ட் பையில் விட்டுக்கொண்டான். அக்கா ஈரச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். திறந்திருந்த டேங்கைப் பார்த்தாள். அவன் பேண்ட் பையைப் பார்த்தாள்.

“உள்ளயா?”

“உள்ள.”

“நூல் சுத்திக்கோன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்ன.”

“டீச்சர் கொடுத்ததை மாத்தக் கூடாதுன்னு நீ சொன்னியா இல்லையா?”

“சொன்னேன்.”

“நல்லா இரு.”

டீச்சர் என்றால் தம்பி கட்டிக்கொள்ளப் போகிறவள். கிடார் சொல்லிக்கொடுப்பவள். அடுத்த மாதம் பதிவுத் திருமணம். மோதிரத்தை அவளே வாங்கி வந்து அவளே போட்டுவிட்டாள். மோதிர விரலில் அது தொளதொளவென்று சுற்றியது. நடுவிரலுக்கு மாற்றினார்கள். அங்கேயும் கொஞ்சம் சுற்றியது. கச்சிதம் என்றான் தம்பி.

அவனுக்கு வேலை பஸ் நிலையத்தில், தொலைந்த பொருள் கவுன்டரில். ஜனங்கள் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போவதெல்லாம் அவனிடம் வரும். குடை, டிபன் பாக்ஸ், மூக்குக்கண்ணாடி, ஒரு முறை பல்செட். டீச்சரை அவன் முதலில் பார்த்ததும் அங்கேதான். குடையைத் தேடி வந்தாள். கொஞ்ச நாள் கழித்து அதே குடையைத் தேடி மறுபடி வந்தாள். மூன்றாம் முறை வந்தபோது குடை அவள் கையிலேயே இருந்தது. அதை இருவருமே கவனிக்காதது போல இருந்தார்கள்.

மோதிரத்தைப் போட்டுவிட்டு அவள் சொன்னாள்: “நீங்க எதையும் தொலைக்கமாட்டீங்க. உங்ககிட்ட எனக்கு முதல்ல பிடிச்சது அதுதான்.”

இன்று மத்தியானம் வருகிறாள். இருவரும் பைக்கில் ஒரு வாடகை வீடு பார்க்கப் போவதாக ஏற்பாடு.

“அவங்க வர்றதுக்குள்ள எடுத்துடணும்,” என்றான் தம்பி.

“எடுக்கலேன்னா?”

அவன் மறுபடி டேங்குக்குள் எட்டிப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அக்கா மறுபடி கேட்கவில்லை. உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். சிலிண்டரையும் மூடினாள். திரும்பி வரும்போது நூலில் ஒரு காந்தத்தைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

“தங்கம் காந்தத்துல ஒட்டாதுக்கா.”

“தெரியும். தங்கந்தானான்னு பாத்துடலாம்னுதான்.”

ஒட்டவில்லை. “தங்கந்தான்,” என்று காந்தத்தைச் சுருட்டி வைத்தாள்.

அக்காவுக்கு வேலை பல் ஆஸ்பத்திரியில். டாக்டர் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக்கொடுப்பவள். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட ஒரு வாய்க்கண்ணாடி வீட்டில் இருந்தது. நீளக் காம்பு, அதன் நுனியில் பொத்தான் அளவு கண்ணாடி. அதில் வெயிலைப் பிடித்து டேங்குக்குள் விட்டாள்.

“நல்லாத் திறங்க,” என்றாள். பழக்க தோஷம்.

வெளிச்சம் உள்ளே அலைந்தது. டேங்கின் அடி ஒரே குழி இல்லை. பைக்கின் நடுக்குழாய் மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தது மாதிரி இருக்கும். இடது காலுக்குள் மஞ்சளாக ஏதோ மின்னியது.

“கடைசிக் கடவாய்ல கிடக்கு,” என்றாள் அக்கா. “இடுக்கி எட்டாது. டேங்கைக் கழட்டிக் கவுத்தாத்தான் வரும்.”

ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக் கடை பூட்டியிருக்கும்.

“நானே கழட்டுறேன்.”

“உனக்குத் தெரியுமா?”

“கழட்டறதைப் பாத்திருக்கேன்.”

“நான்கூடத் தினம் பல் புடுங்கறதைப் பாக்குறேன். வாயைத் திறந்து காட்டுவியா?”

சொன்னாளே தவிர, துண்டை விரித்து ஸ்பேனர்களை அளவு வரிசையில் அடுக்கிவிட்டாள். தம்பி ஒன்றை எடுக்கப் போனான். கையில் ஒரு அடி விழுந்தது.

“கேளு. கேட்டாத்தான் தருவேன்.”

“இது என்ன ஆபரேஷனா?”

“ஆளாளுக்கு எடுத்தா எது எங்க போச்சுன்னு தெரியாது. ஏற்கனவே ஒண்ணு போயிருக்கு.”

அவன் கேட்டான். அவள் உள்ளங்கையில் பட்டென்று வைத்தாள். சீட் வந்தது. இரண்டு பக்க மூடிகள் வந்தன. போல்ட் ஒவ்வொன்றையும் அவள் வாங்கித் துடைத்து, சாப்பாட்டுத் தட்டு ஒன்றில் வைத்தாள். கழற்றிய வரிசையிலேயே.

அடுத்தது பெட்ரோல் குழாய். டேங்கின் அடியில் இருந்த திருகை மூடிவிட்டு, கிளிப்பைக் குறடால் அழுத்திக் குழாயை உருவினான். உள்ளே நின்றிருந்த பெட்ரோல் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடியது.

“துப்பிட்டாரு,” என்றாள் அக்கா.

ஒரு கேனை வைத்து வேறொரு குழாயை மாட்டித் திருகைத் திறந்தார்கள். பெட்ரோல் ஒல்லியாக இறங்கியது. அவசரப்பட வழியில்லை. இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா.”

“என்ன?”

“அவங்க என்னை நம்பித்தான் போட்டாங்க.”

“மோதிரத்தையா?”

“எல்லாத்தையும்.”

அக்கா கேனைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். தேவையே இல்லாமல்.

“ஊர்ல தொலையறதெல்லாம் உன்கிட்ட வருது,” என்றாள். “உன்னோடது ஒண்ணு தொலைஞ்சா குடி முழுகிடாது.”

“முழுகிடும்க்கா.”

செத்த முள்ளுக்குப் போகும் ஒயரைப் பிரித்தான். பின்னால் இருந்த ஒரே போல்ட்டைக் கழற்றினான். இனி டேங்கைப் பின்னால் இழுத்தால் வந்துவிடும். இழுத்தான். வரவில்லை. முன்னால் இரண்டு ரப்பர் குமிழ்கள் அதைக் கவ்விப் பிடித்திருந்தன. காலை பைக்கில் ஊன்றி இழுத்தான். பைக் அவனோடு வந்தது.

“இழுக்காதே. ஆட்டு,” என்றாள் அக்கா. “இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். வேர் இளகினா அதுவா வரும்.”

ஆட்டினான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ரப்பர் முனகியது. திடீரென்று பிடி விட்டது. தம்பி டேங்கைக் கட்டிக்கொண்டு பின்னால் போய்க் கொடியில் காய்ந்த போர்வைக்குள் நுழைந்து நின்றான்.

“பஞ்சு வைக்கட்டுமா?” என்றாள் அக்கா.

அவள் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டான். காலையிலிருந்து முதல் தடவை.

டேங்கைக் கவிழ்த்துக் குலுக்கினார்கள். மிச்சப் பெட்ரோல் சொட்டியது. கொஞ்சம் துரு விழுந்தது. மோதிரம் விழவில்லை. வாயின் உள்பக்கம் ஒரு விளிம்பு மேடாக இருந்தது. மோதிரம் அதுவரை உருண்டு வரும், மோதும், சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். அவன் குலுக்கிப் பார்த்தான். அவள் குலுக்கிப் பார்த்தாள். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இருவருமாகக் குலுக்கினார்கள்.

“கிலுகிலுப்பை நல்லா இருக்கே,” என்றது ஒரு குரல்.

பக்கவாட்டுச் சந்தில் டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். சீக்கிரமே வந்துவிட்டாள்.

“ரொம்ப நேரமா பெல் அடிச்சேன். பின்னால ஏதோ கச்சேரி கேட்டுச்சு, அதான் இப்படியே வந்தேன்.” பைக்கைப் பார்த்தாள். நடுவில் எலும்பு தெரிய நின்றது. “வீடு பாக்கப் போறோம்னு நினைச்சேன்.”

“போறோம்,” என்றான் தம்பி. “டேங்க்ல துரு. சுத்தம் பண்றோம்.”

கையை அசைக்காமல் பிடித்திருந்தான். ஆனாலும் டேங்க் ஒரு நூல் சாய்ந்தது. உள்ளே ஒன்று உருண்டு போய் மெல்ல மோதியது.

டீச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டாள். காதால் பிழைப்பவள்.

“துரு இப்படிப் பேசாது. சின்னதா, வட்டமா இருக்கு. உலோகம். எது அது?”

அக்கா ஏற்கனவே பிழிந்த துணி ஒன்றை எடுத்து மறுபடி பிழிந்தாள்.

தம்பி டேங்கைக் கீழே வைத்தான். நிமிர்ந்து, கையை எடுத்துக் காட்டினான். விரல் வெறுமையாக இருந்தது.

“மோதிரம். பெட்ரோல் இருக்கான்னு விரலை விட்டுப் பாத்தேன். கழண்டு விழுந்துடுச்சு. தொலைச்சுட்டேன்.”

அவள் விரலைப் பார்த்தாள். டேங்கைப் பார்த்தாள். தட்டில் வரிசையாக இருந்த போல்ட்களைப் பார்த்தாள். துணி பிழியும் சத்தம் நின்றது.

“அப்பாடா,” என்றாள்.

“என்ன அப்பாடா?” கேட்டது அக்கா.

“இல்லக்கா. எதையுமே தொலைக்காத ஒரு மனுஷனோட எப்படிக் குப்பை கொட்டப் போறோம்னு ஒரு வாரமா பயந்துட்டிருக்கேன்.”

“நீங்கதானே அது பிடிச்சிருக்குன்னு சொன்னீங்க,” என்றான் தம்பி.

“பிடிச்சிருக்கு. பயமாவும் இருக்கு.” கைப்பையைக் கீழே வைத்துவிட்டுத் துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். “நீங்க கொடுத்தீங்களே, பிக் வச்சுக்க ஒரு தகர டப்பா.”

பிக் என்பது கிடார் கம்பியை மீட்டும் சின்னத் தகடு. அவள் வாரத்துக்கு ஒன்றாவது தொலைப்பாள். அதனால்தான் மூடி வைத்த டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான்.

“ஆமா.”

“அதைப் பஸ்ல விட்டுட்டேன்.”

தம்பி வாயைத் திறந்தான்.

“எந்த ரூட்? போகும்போதா, வரும்போதா?”

“பாத்தீங்களா. இதுக்குத்தான் சொல்லல.” அவள் அக்காவைப் பார்த்தாள். “நீங்களே சொல்லுங்கக்கா, எங்க போய்க் கேக்குறது? கவுன்டர்ல உக்காந்திருக்கறதே இவருதான். மூடிக்குள்ள கவுன்டர் நம்பரை வேற எழுதிக் கொடுத்திருக்காரு. எவனாவது நல்லவன் கையில கிடைச்சா, நேரா இவருக்குத்தான் போன் போடுவான். இவர் போன் பண்றப்பல்லாம் டப்பா கிடைச்சிடுச்சோன்னு எடுக்கவே யோசிப்பேன்.”

அக்கா துணியைக் கொடியில் போட்டாள். போட்ட பிறகும் திரும்பவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

“இன்னும் வரல,” என்றான் தம்பி. “வந்திருந்தா நானே சொல்லியிருப்பேன்.”

“சொல்லியிருப்பீங்க. தெரியும்.”

அவனுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான். முடியவில்லை. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

டீச்சர் எழுந்து கைகளை நீட்டினாள். “கொடுங்க இங்க.”

“பெட்ரோல் நாறும்.”

“கொடுங்கன்னா.”

டேங்கை வாங்கி, மறுபடி உட்கார்ந்து மடியில் கிடாரைப் போலப் படுக்கவைத்துக்கொண்டாள். “நீங்க ரெண்டு பேரும் மாவு சலிக்கிற மாதிரி குலுக்கினீங்க. அப்படிக் குலுக்கினா வராது. கிடார் ஓட்டைக்குள்ள நான் போடாத பிக்கா. இதைக் கூட்டிட்டு வரணும்.”

மெல்லச் சாய்த்தாள். மோதிரம் உருண்டது. நிறுத்தினாள். அதுவும் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு காதைத் தகரத்தில் வைத்தாள். இன்னும் கொஞ்சம். இடது காலிலிருந்து மேடேறி, வலது காலில் இறங்கி, சுவரோரமாக நடந்து வந்தது. அக்காவும் தம்பியும் குனிந்து கேட்டார்கள். விளிம்பில் டிக் என்று தட்டியது.

“இங்க நிக்குது. அக்கா, துண்டை விரிச்சுப் பிடிங்க.”

அக்கா ஸ்பேனர்களை ஒதுக்கிவிட்டுத் துண்டை விரித்தாள். டீச்சர் சட்டென்று டேங்கைப் புரட்டி ஒரு உதறு உதறினாள். மோதிரம் விளிம்பைத் தாண்டிக் குதித்தது. துண்டில் விழுந்து, சுற்றி, படுத்தது.

மூவரும் அதன் மேல் குனிந்தார்கள்.

“பல்லு வந்துடுச்சு,” என்றாள் அக்கா.

டீச்சர் அதைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அவன் விரலில் மாட்டினாள். கையைக் கீழே தொங்கவிடச் சொன்னாள். மோதிரம் கணுவரை வழுக்கி வந்தது.

“இவ்வளவு பெரிசா? கவுன்டர்ல உங்க விரலைப் பாத்து வச்சுதான் வாங்கினேன். அங்க விரல் குண்டாத் தெரிஞ்சுதே.”

“வளைஞ்ச கண்ணாடிக்குப் பின்னால உக்காந்திருப்பேன். அது கொஞ்சம் பெரிசாக் காட்டும்.”

“நூல் சுத்தியிருக்கலாமே?”

அக்கா வானத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் நூல்கண்டை எடுத்து வந்தாள்.

டேங்கை மாட்ட அவ்வளவு நேரம் ஆகவில்லை. தட்டில் வரிசை இருந்தது. பின்னாலிருந்து முன்னால் போனார்கள். டீச்சர் ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தாள். அக்கா போல்ட்களைக் கொடுத்தாள். குழாய் ஏறியது, கிளிப் கவ்வியது. கேனிலிருந்த பெட்ரோலைத் துணியில் வடிகட்டி ஊற்றினான். திருகைத் திறந்து, அடியில் ஒழுகுகிறதா என்று மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஒழுகவில்லை.

முதல் உதையில் பைக் இருமியது. அடுத்ததில் பிடித்துக்கொண்டது.

“வீட்டுக்காரர் காத்திட்டிருப்பாரு,” என்றான் தம்பி.

“வீடு எங்கயும் ஓடாது,” என்றாள் டீச்சர். “பஸ்ஸெல்லாம் ராத்திரி நிக்கிற டிப்போல ஒரு ஆபீஸ் இருக்குன்னு சொன்னீங்களே. உங்க கவுன்டருக்கு வராம அங்கயே தங்கிடற சாமான்லாம் இருக்குமாம்ல. முதல்ல அங்க போகலாம்.”

“டப்பாவுக்கு என்ன அடையாளம் சொல்வீங்க?”

“உள்ள உங்க நம்பர் இருக்கும்னு சொல்றேன்.”

அவள் பின்னால் ஏறினாள். அவன் நூல் சுற்றிய மோதிரக் கையால் ஹாண்டிலைப் பிடித்தான். சந்து வழியாக வாசலுக்கு வந்தார்கள். அக்காவும் கூடவே வந்தாள்.

“போறவங்க ரெண்டு பேர்,” என்றாள். “ஒருத்தரை ஒருத்தர் எங்கயாவது விட்டுட்டு வந்துடாதீங்க.”

பைக் தெருமுனையில் திரும்பியது. சத்தம் தேய்ந்தது. பிறகு மறுபடி வளர்ந்தது. இருவரும் திரும்பி வந்தார்கள். முன்னால் இருந்தவன் சிரித்துக்கொண்டும், பின்னால் இருந்தவள் அவன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டும்.

அக்கா வாசலைவிட்டு நகரவே இல்லை. டீச்சரின் கைப்பை அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.