டிக்கியில் கொஞ்சம் இடம்

மனிதகுலம் இதுவரை செய்த ஒரே உருப்படியான காரியம், பெட்ரோல் காரைக் கேஸ் காராக மாற்றக் கற்றுக்கொண்டதுதான். நெருப்பு, சக்கரம் எல்லாம் அதற்கான முன்னேற்பாடுகள். பட்டறைக்காரர் இதைச் சிரிக்காமல் சொல்வார். கேட்டவர்களும் சிரிக்காமல் வண்டியை விட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரே தொல்லை, டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டு சிலிண்டர் படுத்துவிடும். இடம் போகிறதே என்று யாராவது இழுத்தால் அவருக்குப் பொறுக்காது.

"டிக்கியில என்ன சார், குடித்தனமா பண்ணப்போறீங்க?"

சின்ன சிலிண்டர் கேட்பவர்கள் பாடு இன்னும் மோசம். "நாலு பலூன்ல கேஸ் அடைச்சுத் தர்றேன். மடியில வெச்சுக்கிட்டு ஓட்டுங்க."

இப்படிப்பட்டவரின் சொந்தக் கார் மட்டும் பெட்ரோலில் ஓடியது. கேட்டால், "எதிரியோட பலமும் தெரிஞ்சிருக்கணும்ல?" என்பார். உண்மையில் டிக்கியில் இருந்தது அவர் மனைவியின் சக்கர நாற்காலி. பெரிய சிலிண்டர் வைத்தால் அது உள்ளே போகாது. சின்னது வைக்க அவர் வாய் விடவில்லை.

"சின்னதா ஒண்ணு போட்டுக்குங்களேன். உங்க கிரீடம் ஒண்ணும் கழண்டு விழாது," என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். போன மழைக்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

பட்டறையில் கூட வேலை பார்ப்பவன் அவள் தம்பி. ஒருநாள் இருவரும் உதிரிபாகம் வாங்கக் கடைக்குப் போனார்கள். வண்டியை நிறுத்தியதும் பட்டறைக்காரர் இறங்கி, டிக்கியைத் திறந்து, நாற்காலியை விரித்து, முன்சீட்டுக் கதவருகே தள்ளிக்கொண்டுபோய் பிரேக் போட்டு நிறுத்தினார். கதவைத் திறந்தால் உள்ளே மச்சினன் உட்கார்ந்திருந்தான்.

"எனக்குக் காலு நல்லாத்தான் இருக்கு மாமா," என்றான். வேடிக்கையாகச் சொல்லத்தான் பார்த்தான்.

"தெரியும். எறங்கு மாப்ளே."

திரும்பி வரும்போது மச்சினன் பேச்சை எடுத்தான். "நாற்காலிய ஆஸ்பத்திரிக்குக் குடுத்துடலாம் மாமா. யாருக்காவது உதவும். வண்டிய கேஸுக்கு மாத்திடுங்க."

"குடுத்துடலாம். அதுல என்ன இருக்கு? நாலு கம்பி, ஒரு ரெக்சின்."

"அப்ப நாளைக்கே?"

"நாளைக்கே. இருக்கறதுலயே பெரிய சிலிண்டரா எடுத்து வை. சும்மா கிடக்கற டிக்கிதானே."

மறுநாள் மச்சினன் பெரிய சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு வரக் கிளம்பினான். பட்டறைக்காரர் நாற்காலியை வெளியே எடுத்துச் சுவரோரம் நிறுத்தினார். காலியான டிக்கியைப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியில் துருத்திய திருகாணி அவள் முழங்கையைக் கிழிக்காமலிருக்க, அவரே சுற்றிய துணி அழுக்கேறிக் கிடந்தது. அதை அவிழ்த்துத் துவைத்துப் போடலாம் என்று அவிழ்த்தார். பிறகு, இருந்தபடியே சுற்றினார்.

மச்சினன் திரும்பி வந்தபோது பெரிய சிலிண்டர் அலமாரிக்குப் போயிருந்தது. சின்னது ஒன்று, பின்சீட்டுப் பக்கமாக, டிக்கிக்குள் இரும்புப் பட்டி போட்டு உட்கார்ந்திருந்தது.

"ஆஸ்பத்திரில அனுப்பச் சொல்லிட்டாங்க மாமா..."

"அவங்களுக்குப் புதுசா ஒண்ணு வாங்கிக் குடுப்போம்."

அவர் நாற்காலியை மடக்கி உள்ளே வைத்து மூடியைச் சாத்தினார். ஒரு விரற்கடை இடித்தது. நாற்காலியை மெல்ல வெளியே எடுத்தார். சிலிண்டரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சீட்டை ஒட்டி இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பட்டிக்குப் புது ஓட்டை போடக் குறி போட்டார்.