பெயர் மாறிய கப்பல்

கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் தலைமுடியைச் சீவிக்கொண்டிருந்த மகளின் கை பாதியில் நின்றது. வாசலில் சித்தப்பா யாரையோ, "வாங்கக்கா, உள்ள வாங்க" என்று அழைப்பது கேட்டது. தையற்கார அம்மா வந்துவிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு அப்பாவும் சில நண்பர்களும் இந்த ஊரில் கட்டிய கப்பல்களின் கதையைத் தேடித் திரிந்தார்கள். யார் வாங்கினார்கள், என்ன பெயர் வைத்தார்கள், எங்கே முடிந்தது என்று. சம்பளம் கிடையாது. "எங்கண்ணன் கப்பலுக்கெல்லாம் ஜாதகம் எழுதுறாரு" என்று சித்தப்பா கேலி செய்வார்.

தன் தம்பி ஏறிப்போன கப்பல் என்ன ஆயிற்று என்று தையற்கார அம்மா வந்து கேட்டபோது, அப்பாதான் விசாரித்துச் சொன்னார்: புயலில் மூழ்கிவிட்டது, யாரும் பிழைக்கவில்லை.

அது தவறு என்பதைப் போன வாரம்தான், படுத்தபடியே பழைய படங்களைப் பார்த்துக் கண்டுபிடித்தார். ஒரே அச்சில் கட்டிய இரண்டு கப்பல்கள். முதலாவதை வாங்கியவர்கள் பெயரை மாற்ற, அந்தப் பழைய பெயரை இரண்டாவதற்கு வைத்துவிட்டார்கள். மூழ்கியது இரண்டாவது. தம்பி இருந்த முதல் கப்பலை எங்கோ ஒரு கரையில் பழைய இரும்புக்காக உடைத்தார்கள். ஆட்கள் உயிரோடு இறங்கிப் போனார்கள்.

"நானே நேர்ல போய்ச் சொல்லணும்மா. முடியலேன்னா நீ சொல்லிடு" என்றார், எழுந்து உட்காரக்கூட முடியாத அப்பா. வேறு யாருக்கும் தெரியாது.

உயிரோடு இறங்கியவன் ஏன் வீடு திரும்பவில்லை என்று அந்த அம்மா கேட்டால்?

தையற்கார அம்மா அப்பாவின் பாதத்தைத் தொட்டு, கண்மூடி வேண்டிக்கொண்டார்.

"அத்தை, அப்பா உங்ககிட்ட ஒண்ணு..."

"அதான் சொல்லிட்டாரேம்மா."

"யாரு?"

"உங்கப்பாதான். விடியக்காலையில வாசல்ல வந்து நின்னாரு. கப்பலை மாத்திச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்கன்னாரு. உள்ள கூப்பிட்டேன், வரலை."

விடியற்காலையில்தான் அப்பாவின் மூச்சு அடங்கியது. அப்போது அவர் கை இவள் கைக்குள் இருந்தது.

"தனியாவா வந்தாரு?" ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவரால எப்படி நடக்க முடியும்? என் தம்பிதான் தோளைத் தாங்கிக் கூட்டிட்டு வந்தான். தலையெல்லாம் நரைச்சுப்போச்சு அவனுக்கு." அவர் முகத்தில் கண்ணீர் இல்லை. "இத்தனை வருஷமா, தண்ணிக்குள்ள குளிருமேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"இவ்வளவு நாளா ஏன் வரலைன்னு கேக்கலையா?"

"வந்துட்டானே, இனிமே என்னத்தக் கேக்கிறது?"

சித்தப்பா வந்து அவர் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்காரப் போனார்.

"ஆள் இருக்குங்க" என்றார் தையற்கார அம்மா.

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் சித்தப்பா சுவரோரம் போய் நின்றார்.

மகள் தேநீர் கொண்டுவந்தாள். ஒரு தம்ளரைத் தையற்கார அம்மா கையில் கொடுத்தாள். சற்றுத் தயங்கி, இன்னொன்றை அந்த நாற்காலிக்கு அருகே, கால் படாத இடமாகப் பார்த்து வைத்து, ஆறிவிடாமல் தட்டால் மூடினாள்.