மேற்குச் சன்னலுக்கு வெண்கலம்

பிரான்சின் மேற்குக் கரையில் மத்தி மீனை டப்பாவில் அடைத்துப் பிழைக்கும் ஊர் போர்க்வென். போர் முடிந்த சில ஆண்டுகளுக்குப் பின், அங்குள்ள கோயிலின் மேற்குச் சுவரில் இருந்த வண்ணக் கண்ணாடிச் சன்னலைப் பழுது பார்க்க அசெனோர் என்ற கண்ணாடிக்காரி வந்து சேர்ந்தாள். சன்னல் நாலு ஆள் உயரம். கடற்காற்று அடித்து அடித்து அதன் வயிறு உள்பக்கம் புடைத்திருந்தது. கண்ணாடித் துண்டுகளைப் பிணைக்கும் ஈயப் பட்டைகள் தளர்ந்து, மழைக்காலத்தில் இரண்டு துண்டுகள் விழுந்தும் விட்டன.

மேலே அலைமேல் நடக்கும் இயேசு. கீழே வெள்ளைத் தொப்பி வைத்த ஆலைப் பெண்கள். அவர்களில் ஒருத்தி கையை ஓங்கி நின்றாள். முன்பொரு குளிர்காலத்தில் வேலைநிறுத்தம் செய்து ஜெயித்த பெண்கள், தங்களுக்குள் வசூல் போட்டு வைத்த சன்னல் அது. அன்றைக்குத் தோற்ற முதலாளியின் மகன்தான் குவிவார்ச். இப்போது ஆலையும் அவருடையது, கோயில் குழுவின் தலைமையும் அவருடையது.

"கீழ்ப்பாகத்தைக் கழட்டிடுங்க மதாம். அங்க சுவர் எழுப்பிடலாம். மேல இருக்கறதுக்குத் தாங்கலாவும் ஆச்சு" என்றார் குவிவார்ச். பங்குச் சாமியார் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பழுது பார்க்க எப்படியும் கழற்றித்தான் ஆக வேண்டும். அசெனோர் கீழ்ப்பாகத்துக் கண்ணாடிப் பலகங்களை இறக்கி, ஞானஸ்நான அறையில் மேசை போட்டுப் பரப்பினாள். புடைப்பை அழுத்தி நிமிர்த்தி, புது ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது மீன் வாடையோடு ஒருத்தி உள்ளே வந்தாள். ஆலையில் வேலை பார்க்கும் சோவாசிக்.

"இது எங்கம்மா" என்று ஓங்கிய கையைத் தொட்டுக் காட்டினாள். "எங்க கொண்டு போறீங்க?"

"மரப்பெட்டிக்குள்ள. இங்க சுவர் வரப்போகுதாம்."

"சுவரா? எங்கம்மா மூஞ்சிலயா?" சோவாசிக் மேசையைச் சுற்றி வந்து அவள் எதிரே நின்றாள். "அவசியமா அக்கா அது? உள்ளதைச் சொல்லுங்க."

அசெனோர் கையிலிருந்த ஈயப் பட்டையைக் கீழே வைத்தாள். உள்ளதைச் சொல்லிவிட்டால் அப்புறம் சும்மா இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். "அவசியமில்ல" என்றாள். "சன்னலோரக் கல்லுல குறுக்குக் கம்பி பதிச்சா, ஒவ்வொரு பலகமும் அதது கம்பி மேல நிக்கும். மேல உள்ள பாரம் கீழ இறங்காது. காத்தையும் கம்பியே வாங்கிக்கும்."

அதையே குவிவார்ச்சிடமும் போய்ச் சொன்னாள். "உங்ககிட்ட நான் யோசனை கேக்கல" என்றார் அவர். ஊரில் இருந்த ஒரே கொல்லரும் ஆலையை நம்பி இருந்தவர். அசெனோர் கம்பி கேட்டுப் போனபோது, இரும்பு இல்லை என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

சோவாசிக் அவளைப் படகு கட்டும் துதுவாலிடம் கூட்டிப்போனாள். அவரிடம் வெண்கலக் கம்பிகள் கிடந்தன.

"இரும்பை விட இது தேவலை. உப்புக் காத்துல துருப்பிடிச்சுக் கல்லைப் பிளக்காது" என்றாள் அசெனோர்.

"எடுத்துட்டுப் போம்மா."

"முதலாளி கோவிச்சுக்க மாட்டாரா?"

"அவரு மீனுதானே வாங்குறாரு? என்கிட்ட படகா வாங்குறாரு!"

கம்பிகளைக் கல்லில் பதித்தாள். முகங்களுக்குக் குறுக்கே போகாமல், ஈயக் கோட்டை ஒட்டியே அவற்றை வளைத்திருந்தாள். சாரத்தில் ஏறிப் பலகங்களைத் தூக்கி நிறுத்தி, பின்னால் பற்றவைத்த செப்புக் கம்பிகளால் வெண்கலத்தோடு சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்த மதிய வேளையில், குவிவார்ச் கொத்தனார்களோடு வந்துவிட்டார்.

வாசலை அடைத்துக்கொண்டு ஆலைப் பெண்கள் நின்றார்கள். சாப்பாட்டு வேளை முடிந்ததென்று சங்கு ஊதியது. ஒருத்தியும் அசையவில்லை.

"வழி விடுடி" என்றான் கொத்தன் ரிவால் தன் மனைவியிடம்.

"வெச்சுத்தான் பாரேன் ஒரு செங்கல்ல! ராத்திரிக்கு அதையே வேக வெச்சுத் தின்னு."

கொத்தனார்களே சிரித்துவிட்டார்கள். குவிவார்ச் பெண்களைத் தள்ளிக்கொண்டு சாரத்தின் அடிக்கு வந்தார். "கீழ இறங்குங்க மதாம். இல்லேன்னா இந்தக் கரையில எந்தக் கோயில்லயும் உங்களுக்கு வேலை கெடைக்காது."

அசெனோர் அடுத்த செப்புக் கம்பியை முறுக்கி இறுக்கினாள். பயம் பாதி, கோபம் பாதி. "இறங்கத்தான் போறேன்" என்றாள், "இன்னும் ஒரு வரிசை பாக்கி இருக்கு."

குவிவார்ச் ஏணியில் கை வைத்தார். அதற்குள் சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார். கடைசி வரிசை இறுகும்வரை குவிவார்ச்சை ஏற விடவில்லை. ஏணியை விடவும் இல்லை.

மறுநாள் காலை சோவாசிக்குக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. மற்ற பெண்கள் உள்ளே போனார்கள், மேசைமுன் வரிசையாக நின்றார்கள், கையைக் கட்டிக்கொண்டார்கள். படகுகள் வந்து மீனைக் கொட்டின. மத்தி யாருக்காகவும் காத்திருக்கிற மீனில்லை. பொழுது சாய்வதற்குள் ஆலையில் நாற்றம் தாங்காமல், மூன்று பேரையும் கூப்பிட்டு வரச் சொல்லி ஆளனுப்பினார் குவிவார்ச். சுவர்ப் பேச்சும் அதோடு நின்றது.

அசெனோர் விஷயத்தில் மட்டும் சொன்னதைச் செய்தார். பேசி வைத்திருந்த கோயில்கள் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. அந்தக் குளிர்காலம் அவளுக்குக் கடினமாகத்தான் கழிந்தது. வசந்தத்தில், வடக்கே தீவுப் பக்கத்திலிருந்து ஒரு சாமியார் கூப்பிட்டனுப்பினார். போய் இறங்கியவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"போர்க்வென்ல முதலாளியை எதுத்துக்கிட்டது நீங்கதானா?"

"நான்தான்" என்றாள் அசெனோர். "சன்னல் எங்க இருக்கு, காட்டுங்க."