சோளத்துக்குக் கொடுத்த ஐந்து மைல்

மாவிஸ் அண்ணியின் ஃபோன் வந்தபோது ஓரின் அறுவடை எந்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். அக்டோபர் மாதம், காலை எட்டு மணி. அண்ணன் வீட்டு எண்ணிலிருந்து ஆறு வருடமாக அழைப்பே வந்ததில்லை.

"தம்பி, உங்க அண்ணனுக்கு இன்னிக்குப் பொழுது தாண்டாதுன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. நினைவு நல்லா இருக்கு. உங்களைப் பாக்கணுங்கறார்."

"கிளம்பிட்டேன் அண்ணி."

அண்ணிக்குப் பக்கத்தில் யாரோ முணுமுணுப்பது கேட்டது. "வண்டியில எண்ணெய் இருக்கா?" என்று கேட்டாள் அண்ணி.

"ஃபுல்லா இருக்கு. நேத்து சாயங்காலம்தான் மஞ்சக் குழாய்ல போட்டேன்."

சாகக் கிடக்கிறவன் வீட்டில் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்தபடி ஓரின் எந்திரத்தை வரிசை நடுவிலேயே விட்டு இறங்கினார். வடக்கே இருநூற்றைம்பது மைல்.

மஞ்சள் கைப்பிடி போட்ட குழாயில் வருவது முக்கால்வாசி எத்தனால். ஓரின் ஊரில் விளைகிற மக்காச்சோளத்தை ஊருக்கு வெளியே உள்ள ஆலையில் காய்ச்சி எடுப்பது. மினசோட்டா மாநிலத்தில் சாதாரணப் பெட்ரோலிலும் பத்தில் ஒரு பங்கு எத்தனால் கலக்க வேண்டும் என்பது சட்டம். கலக்காத பெட்ரோல் படகுக்கும், மரமறுக்கும் எந்திர ரம்பத்துக்கும், பழங்காலக் கார்களுக்கும் மட்டும்தான். அண்ணன் லோவெல் வடக்கே ஏரிக்கரையில் அதைத்தான் விற்றுக்கொண்டிருந்தார். ஒரே அப்பனுக்குப் பிறந்தவர்கள். ஒருவர் சோளத்தை விதைத்தார், மற்றவர் சோளம் சேராததை விற்றுப் பிழைத்தார். உள்ளே இருந்த கசப்பு பொங்கிப் பொங்கி ஒருநாள் வழிந்துதான் ஆக வேண்டும்.

வழிந்தது தலைநகரில், ஆறு வருடத்துக்கு முன். படகுக்குக் கொடுத்த விலக்கையும் எடுத்துவிடலாமா என்று சட்டசபைக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. அண்ணன் தம்பி இருவருமே போனார்கள். லோவெல் நிதானமாகத்தான் பேசினார். "ஒரு கேலனுக்கு விலை எவ்வளவு குறைவுன்னு பாக்கறீங்க. மைலுக்கு எவ்வளவுன்னு பாருங்க. மஞ்சக் குழாய்ல நாலு மைலுக்கு ஒரு மைல் காணாமப் போகுது. அந்த விலைக் குறைப்பு அங்கேயே தீந்துபோச்சு" என்றார்.

ஓரின் எழுந்து, மைல் நூற்றுக்கு மூன்று கூடக் குறையாது என்றார். தன் வண்டிக்கு மஞ்சள் குழாயைத் தவிர வேறெதுவும் ஊற்றியதில்லை, ஊற்றவும் மாட்டேன் என்றார். அதோடு உட்கார்ந்திருக்கலாம். நாக்கு கேட்கவில்லை. "எங்கப்பா சோளம் வித்துத்தான் இவரை வளர்த்தாரு. அந்தச் சோத்துல மண்ணப் போட்டுட்டுப் பணக்காரன் படகுக்கு ஊத்திக் குடுக்கறாரு" என்றார். சபை சிரித்தது. லோவெல் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மசோதாவும் கடைசியில் நிறைவேறவில்லை. சொன்ன சொல் மட்டும் நின்றுவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், தன் வண்டி ஒரு டேங்குக்கு எத்தனை மைல் போகும் என்பது ஓரினுக்கு உண்மையிலேயே தெரியாது. வயலுக்கும் ஆலைக்கும் ஓடுகிற வண்டி. இரண்டு நாளைக்கு ஒருமுறை நிரப்பிவிடுவார். ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில்.

வடக்கே போகப் போக எதிர்க்காற்று வலுத்தது. சோள வயல்கள் முடிந்து பைன் மரங்கள் வந்தன. கடைசி ஊரைத் தொடும்போது எண்ணெய் தீரப்போவதைக் காட்டும் விளக்கு எரிந்தது. பெட்ரோல் பங்க் கண்ணெதிரே இருந்தது. மஞ்சள் குழாய் இல்லை, சாதாரணப் பெட்ரோல்தான். இன்னும் நாற்பது மைல் ஓடும், நிறுத்தினால் ஐந்து நிமிடம் வீண் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டார். அது பாதி உண்மை. மீதிப் பாதி வீம்பு.

காட்டுக்குள் ஒரு வெள்ளைச் சர்ச்சுக்கு எதிரே வண்டி இருமி நின்றது. மணி பன்னிரண்டு பத்து. இருபது மைல் பாக்கி. ஃபோனில் சிக்னல் இல்லை. சர்ச் பூட்டிக் கிடந்தது. ஓரின் சாலையோரம் நின்று கையை ஆட்டினார். இரண்டு லாரிகள் நிற்காமல் போயின. அறுபத்தோரு வயதில், கலங்கிய கண்ணோடு, காலால் டயரை உதைத்துக்கொண்டு நின்றார்.

ஒன்றாவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எதிர்த்திசையிலிருந்து ஒரு பழைய வண்டி வந்து நின்றது. தூண்டில் புழு விற்கிற கடையின் பெயர் கதவில் எழுதியிருந்தது. ஓட்டி வந்த பெண் சிவப்பு கேனோடு இறங்கினாள்.

"நீங்கதான ஓரின்? நான் கார்லா, பக்கத்துக் கடை. பாலத்துல போய் நில்லு, என் தம்பி அங்கதான் நிப்பான்னு லோவெல் அண்ணன் அனுப்பினாரு. பன்னெண்டுலேர்ந்து அங்க நிக்கறேன். ஆளைக் காணோமேன்னு தேடிக்கிட்டு வர்றேன்."

ஓரின் கேனை வாங்கினார். கேன் மூடியைத் திறந்ததும் வாசனையிலேயே தெரிந்தது, கலக்காத பெட்ரோல்.

"இத படகுக்குத்தான ஊத்தணும்னு கேட்டேன்" என்றாள் கார்லா. "'அவனையும் ஒரு படகுன்னு எழுதிக்க'ன்னாரு."

ஒன்றேகாலுக்கு ஓரின் அண்ணன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது மாவிஸ் வெளியே வந்து நின்றிருந்தாள்.

"ஒரு மணிக்குப் போயிட்டாரு தம்பி. கடைசி வரைக்கும் வாசலையேதான் பாத்துட்டிருந்தாரு."

"வண்டி நின்னுபோச்சு அண்ணி."

"தெரியும். காலையில எண்ணெய் இருக்கான்னு கேக்கச் சொன்னதே அவர்தான். மஞ்சக் குழாய்ன்னு நீங்க சொன்னதும் கண்ணை மூடிட்டு விரல் விட்டு எண்ணினாரு. உங்க டேங்க், எதிர்க்காத்து, எல்லாத்தையும் போட்டுப் பாத்தாரு. 'பாலத்துக்கு அஞ்சு மைல் முன்னாடி, வெள்ளைச் சர்ச் கிட்ட நின்னுடுவான்'னாரு."

"சர்ச்சா? கார்லா பாலத்துல நின்னேன்னு சொன்னாளே."

மாவிஸ் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "சொல்லிட்டு அப்புறம் சிரிச்சாரு. 'அவன் சோளத்தை நான் எப்பவும் கொஞ்சம் மட்டமாத்தான் பேசியிருக்கேன் மாவிஸ். ஒரு அஞ்சு மைல் சேத்துக் குடுத்துடுவோம். கார்லாவைப் பாலத்துலயே நிக்கச் சொல்லு'ன்னாரு."

ஓரின் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சர்ச்சில் கேன் காத்திருந்தால் பன்னிரண்டே முக்காலுக்கு அண்ணன் கட்டிலருகே இருந்திருப்பார். அந்த ஐந்து மைல் அண்ணன் விட்டுக்கொடுத்தது. ஆறு வருடத்தில் தான் ஒரு அடிகூட விட்டுக்கொடுத்ததில்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

"உள்ள வாங்க தம்பி" என்றாள் மாவிஸ். "கை இன்னும் சூடாத்தான் இருக்கு."